ரூம் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள்

தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, ஆட்டோக்காரர்களின் கூப்பாட்டைத் தாண்டினால் வரிசையாக லாட்ஜுகள். அதில் ஒன்றின் ரிசப்ஷனில் நான் வேலை பார்த்தேன். எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். கல்யாணமாகி திருவனந்தபுரம் வந்தவள். வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். கரமனையில் வாடகைக்கு இரண்டு அறையும் ஒரு சமையலறையும்.

லாட்ஜ் முதலாளியும் எங்கள் ஆள்தான். நாங்கள் போகிற தமிழ்ச் சபையில் அவர் கமிட்டி செக்ரட்டரி. ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளுக்காக ஜெபிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணீர் வர ஜெபிப்பார். லாட்ஜில் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு வசனத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். பாரம் சுமக்கிறவர்களை இயேசு தம்மிடம் வரச் சொல்லுகிற வசனம். சாவி வாங்க வருகிற ஒவ்வொருவர் கண்ணும் முதலில் அதில்தான் படும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பேசாதவள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து கண்ணை மூடாமலேயே ஜெபித்துச் சாப்பிடுவேன். வேலை செய்யும் இடத்தில் இயேசு என்ற பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த லாட்ஜுக்கு எப்போதும் கேன்சர் பேஷண்டுகள் வருவார்கள். நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி பக்கத்திலிருந்து ரேடியேஷனுக்கு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம். தம்பானூரில் தங்கி பஸ்ஸில் போய்வருவார்கள். அவர்களுக்குக் கஞ்சி வைக்க வெந்நீர் கொடுப்பதும், பஸ் நம்பர் சொல்வதும், மலையாளத்தில் எழுதின டாக்டர் சீட்டை வாசித்துக் காட்டுவதும் என் வேலையோடு வேலையாக நடந்துகொண்டிருந்தது.

முதலாளி லாட்ஜைப் புதுப்பித்தார். புது டைல்ஸ், புது ஏசி, வாசலில் கண்ணாடிக் கதவு. திறந்து வைக்க பாஸ்டரே வந்து ஜெபித்தார். மறுநாள் காலையில் முதலாளி என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடிக் கதவில் பட்டிருந்த ஒரு விரல் தடத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"இனி பேஷண்ட் பார்ட்டி வேண்டா. தலையில துணி கட்டிருந்தாலோ, மூக்குல டியூப் இருந்தாலோ ரூம் ஃபுல்லுன்னு சொல்லிரணும். மத்த கஸ்டமருக்கு அது ஒரு மாதிரி இருக்கும், கேட்டோ."

அவர் போய்விட்டார். அன்று முழுக்க யாரும் அப்படி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரமே வந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் புருஷன் பெண்சாதி. அவர் கொத்தனார். கேரளாவிலேயே பல வருஷம் கட்டட வேலை பார்த்தவராம். தொண்டையில் கேன்சர். குரல் சுத்தமாகப் போயிருந்தது. மூக்கில் டியூப் போட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதை மறைக்கத் துண்டை முகத்தோடு சேர்த்துச் சுற்றியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. "நாலு லாட்ஜ் பாத்துட்டு வாரோம்க்கா, எல்லாம் இல்லங்காங்க," என்றாள். கெஞ்சவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

சாவிப் பலகையில் எனக்கு முன்னால் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கீழ்த்தளத்தில் பின்பக்கம் இருந்த ரூமைக் கொடுத்தேன். படியேற வேண்டாம், பைப்பும் பக்கம்.

மறுநாள் முதலாளி வந்தபோது அந்தப் பெண் பின்பக்கக் குழாயில் புருஷனுக்குக் கஞ்சி ஊற்றுகிற சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார்.

"அந்தப் பின்னாடி ரூம்ல யாரு?"

"பேஷண்ட் சார். ரேடியேஷனுக்கு வந்திருக்காங்க."

"நான் சொன்னது மனசிலாகலையா?"

"மனசிலாச்சு சார். ஆனா இது ஒட்டிக்கிற நோய் இல்லையே."

"அது எனக்குத் தெரியும். கஸ்டமருக்குத் தெரியணுமே. நீ போய்ச் சொல்லு, வேற ஆளுக்கு புக்கிங் இருக்குன்னு."

"புக்கிங் இல்லையே சார்."

"இல்லன்னா என்ன? சும்மா சொல்லு."

அப்போதும் எனக்குப் பயம்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். "சார், போன ஞாயித்துக்கிழமை நோயாளிகளுக்காக நீங்கதான ஜெபிச்சீங்க?"

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட நான் அடங்கிப் போயிருப்பேனோ என்னவோ. விவரமில்லாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்துவிட்டு, "ஜெபம் வேற, லாட்ஜ் வேற," என்றார்.

அந்தச் சிரிப்பில் எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. அதற்கு முன் எனக்குக் கோபமே வந்ததில்லை என்றில்லை. பாத்திரம் உடைந்தால் வரும், பஸ் நிற்காமல் போனால் வரும். இது அந்த ஜாதியில்லை. பயம் போன இடம் தெரியவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"என்ன?"

"சொல்ல மாட்டேன். நான் இயேசுவை நம்புறவ. அவரை நம்பிக்கிட்டு இதைச் சொல்ல முடியாது."

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு கஸ்டமர் தலையைத் தூக்கிப் பார்த்தார். என் காது சூடேறியிருந்தது. அந்தப் பெயரை அந்த ரிசப்ஷனில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் சபை செக்ரட்டரியிடம் சொல்ல வேண்டி வந்ததே என்பதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

"செரி, நானே சொல்லிக்கிறேன்," என்று அவரே உள்ளே போனார். அவர் பேசியது காரிடார் வழியாகக் கேட்டது. சத்தம் போடவில்லை. "ஒண்ணும் தப்பா எடுக்கண்டா. உங்களுக்கும் இங்க சௌகரியம் போதாது. ஆஸ்பத்திரிப் பக்கம் போனா நல்லதல்லே," என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையைக் கேட்கக் கேட்க என் உடம்பு எரிந்தது.

அவர்கள் வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் தோளில் பை. ஒரு கையில் ஸ்கேன் கவர். இன்னொரு கையில் பாதிக் கஞ்சியோடு ஒரு டம்ளர், மேலே ஒரு சின்னத் தட்டு மூடியிருந்தது. அந்த மனிதருக்குக் காலைச் சாப்பாடு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அது முடிகிற வரைக்கும்கூட முதலாளி பொறுக்கவில்லை. கொத்தனார் புது டைல்ஸில் வழுக்கிவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எத்தனை பேர் வீட்டுக்குச் சுவர் எழுப்பிய கையோ அது.

நான் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தேன். கைப்பையை எடுத்தேன்.

"எங்க போற? இப்பப் போனா நாளைக்கு வரண்டா," என்றார் முதலாளி.

"வரல," என்றேன்.

அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எங்கே போகிறோம் என்று எனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது. டிரைவர் மலையாளத்தில் இரண்டு தடவை கேட்டார். "கரமன," என்றேன். வேறு எந்த இடத்தின் சாவியும் என் கையில் இல்லை.

சாயந்திரம் என் வீட்டுக்காரர் வந்தார். அவருடைய கட்டிலில் முகம் தெரியாத ஒரு ஆள் படுத்திருக்கிறார். என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"வேலையையும் விட்டுட்டு, ஆளையும் கூட்டிட்டு வந்துட்ட. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பிறகு முகம் கழுவிவிட்டுப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். "இந்த ஃபேன் கிர்ருகிர்ருன்னு சத்தம் போடும் அண்ணே, உங்களால தூங்க முடியாது," என்று ஸ்டூலைப் போட்டு ஏறி, மாதக்கணக்காக நான் சொல்லியும் கழற்றாத ஃபேனைக் கழற்ற ஆரம்பித்தார். கொத்தனார் படுத்தபடியே கையைத் தூக்கி, ஸ்குரூ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு உள்ளறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் பாய் விரித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனோம். சாட்சி சொல்லுகிற நேரம் வந்தது. முதலாளி எழுந்து மைக் வாங்கினார். கர்த்தர் தம் தொழிலை ஆசீர்வதித்ததையும், புதுப்பித்த லாட்ஜின் மூலம் பலருக்கும் ஊழியம் செய்யக் கிருபை கொடுத்ததையும் சொல்லி ஸ்தோத்திரம் சொன்னார். ஊழியம் என்ற சொல்லையே சொன்னார். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது.

நான் எழுந்தேன். எழுந்திருப்பேன் என்று வீட்டிலிருந்து வரும்போது எனக்கே தெரியாது. மைக் என் கைக்கு வரவில்லை. தேவைப்படவும் இல்லை.

"அண்ணன் சாட்சி சொன்னாங்க. நான் மீதியைச் சொல்றேன்," என்று ஆரம்பித்தேன். "இந்த வாரம் ஒரு கேன்சர் பேஷண்டை அந்த லாட்ஜை விட்டு அனுப்பினாங்க. டியூப்ல கஞ்சி ஊத்திக்கிட்டிருக்கும்போதே அனுப்பினாங்க. ரூம் காலியா இருந்துச்சு. ரூம் இல்லைன்னு சொல்லுன்னு எங்கிட்டச் சொன்னாங்க. அந்த வசனம் எழுதின போட்டோவுக்குக் கீழ உக்காந்துதான் நான் அதைச் சொல்லணுமாம்."

பாஸ்டர் எழுந்து, "சிஸ்டர், இது பர்சனல் காரியம். ஆராதனை முடிஞ்சு பேசலாம்," என்றார்.

"அவங்க லாட்ஜுக்கு நீங்க ஜெபிச்சுத் திறந்தது ஆராதனைன்னா, இதுவும் ஆராதனைதான் பாஸ்டர். அந்த ஆளு இப்ப எங்க வீட்டுல இருக்காரு. நம்மகிட்ட அவருக்காக ஜெபிக்கிறதுக்கு ஆள் இருக்கு. அவருக்கு ஒரு கட்டில் கொடுக்க ஆள் இல்ல. எனக்கு வெட்கமா இருக்கு."

உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி தரையைப் பார்த்தார். அடுத்த பாட்டை யாரோ அவசரமாக ஆரம்பித்தார்கள்.

ஆராதனை முடிந்து போர்ட்டிகோவில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் செய்தது தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. "சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம்தான் சரியில்ல." "அன்பா சொல்லியிருக்கலாம்." "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்." மாறி மாறி இதுவே. நோயாளியை வெளியே அனுப்பிய விதம் எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மிகவும் அன்பாகத்தான் அனுப்பினார். தனியாகப் போய்த்தான் சொன்னார். இவர்கள் கேட்கிற எல்லா நல்ல முறையும் அதில் இருந்தது. முறை சரியாக இருந்தால் போதும், எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்கிற இந்தப் புத்தியை எந்தப் பிரசங்கத்தில் கற்றுக்கொண்டார்களோ தெரியவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து பெண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்து நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். பார்க்கவாவது வந்தார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஒரு கூடை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவந்திருந்தார்கள். எச்சில் விழுங்க முடியாத மனிதருக்கு ஆப்பிள். போகட்டும், தெரியாமல் செய்தது. சங்கத் தலைவி உள்ளறைக்குள் போனதும் அலமாரித் தட்டைப் பார்த்தார். அந்தப் பெண் அங்கே சின்னதாக ஒரு முருகன் படமும் விபூதிப் பொட்டலமும் வைத்திருந்தாள்.

"இதை எடுத்துரும்மா. எடுத்துட்டு இயேசுவை விசுவாசி. உங்க வீட்டுக்காரருக்கு இந்த டியூப் தானா கழண்டு விழும்," என்றார் தலைவி. பிறகு எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று உரக்க ஜெபித்தார்கள். கொத்தனார் கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார். ஓட இடமில்லாத மனிதரின் கண் அது. அந்தப் பெண் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

ஜெபம் முடிந்ததும் தலைவி அந்தப் படத்தின் மேல் கையை வைத்தார்.

"படம் இருக்கட்டும்க்கா," என்றேன்.

"என்ன சிஸ்டர் இது? உங்க வீட்டுல இதை வச்சிருக்கலாமா? சபையில அவ்வளவு தைரியமா பேசுனீங்க. சாட்சியா நிக்கிற நேரத்துல பயப்படலாமா?"

"பயம் இல்லக்கா. அவங்களுக்குப் போக வேற இடம் இல்ல. இந்த நேரத்துல அவங்க சாமியை எடுக்கச் சொல்றது பிடிச்சுவச்சு வாங்குற மாதிரி. லாட்ஜ்காரர் துரத்திவிட்டாரு, நாம கட்டில் கொடுத்துட்டு அதுக்கு விலை கேக்கிறோம். கைய எடுங்க."

கையை எடுத்தார். காப்பி குடிக்காமல் போய்விட்டார்கள். பழங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பெண் சமையலறையில் கஞ்சியை மிக்ஸியில் அடித்துத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கை போனாலும் டியூப் அடைத்துக்கொள்ளும். வேலையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. எங்கள மதம் மாத்தத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். பழைய நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இல்லை என்று சொல்லிவிட்டு இயேசுவை மறைத்துவிட்டால், முதலாளி செய்ததற்கும் சங்கத் தலைவி செய்ததற்கும் மட்டும் அவர் பெயர் இருக்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல," என்றேன். "நீ மாறினாலும் மாறாட்டியும் ரூம் உங்க ரூம்தான். ட்ரீட்மெண்ட் முடியிறவரைக்கும் இருங்க. ஆனா ஏன் கூட்டிட்டு வந்தேன்னு கேட்டா, இயேசுவைச் சொல்லாம எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லட்டா?"

"சொல்லுங்க."

அடுப்பை அணைத்தேன். எனக்குப் பிரசங்கம் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "ஊரே தொடாத நோயாளிகளை அவர் தொட்டாரு. யாரும் கூட உக்காராதவங்களோட உக்காந்து சாப்பிட்டாரு. அதனாலயே அவரையும் ஊருக்கு வெளிய கொண்டுபோய்த்தான் கொன்னாங்க. அவர் திரும்ப எழுந்தாரு, இப்பவும் உயிரோட இருக்காருன்னு நான் நம்புறேன். அன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்புனாங்கல்ல? நான் உள்ளேயே உக்காந்திருந்தா, அவர் உங்ககூட வெளிய போயிருப்பாரு. அந்த லாட்ஜ்ல நான் அவர் இல்லாம இருந்திருப்பேன். அதனாலதான் உங்ககூட வந்தேன்."

அவள் துணியைப் பிழிந்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தாள்.

"உங்க சாமி நல்லவர்தாம் போல," என்றாள். "ஆனா உங்க ஆளுக..."

முடிக்காமல் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அத்தனை நாளில் அன்றுதான் அவள் பல் தெரிந்தது.

சிகிச்சை போகப் போகக் கஷ்டம் கூடியது. அவர் கழுத்துத் தோல் கருத்து வெந்தது. வாயெல்லாம் புண். ஒரு நாள் வாந்தி எடுத்து டியூபே வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடி மறுபடி போட்டுக்கொண்டு வந்த அன்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், யாரையும் பார்க்கவில்லை. அவள் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க. சத்தமா வேண்டாம்," என்றாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவர் கேட்கிற அளவுக்கு மட்டும் ஜெபித்தேன். வலியைக் குறைத்தருளும் ஆண்டவரே, இந்த மனுஷனைக் கைவிடாதேயும் என்று கேட்டேன். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. டியூப் கழன்று விழவில்லை. அவர் என் வீட்டுக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் டிவியில் கிரிக்கெட் பார்த்தார்கள்.

ரேடியேஷன் முடிந்து அவர்கள் ஊருக்குப் போனார்கள். சில மாதம் கழித்துப் போன் வந்தது. டியூபை எடுத்துவிட்டார்களாம். இட்லியைச் சாம்பாரில் நன்றாகக் கரைத்துக் கொடுத்தால் விழுங்குகிறாராம். போனை அவர் காதில் வைத்தாள். கரகரவென்று காற்று மாதிரி ஒரு குரல், "தங்கச்சி," என்றது. அவருடைய குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். பிறகு அவள் வாங்கி, "முருகனுக்கு நேந்திருந்தேன்க்கா, போய்ச் செஞ்சிட்டு வந்தோம். உங்க இயேசுகிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அதை அவர் பார்த்துக்கொள்வார்.

முதலாளி பாஸ்டர் மூலமாகச் சொல்லி அனுப்பினார். சபையில் அப்படிப் பேசியதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் வேலையைத் திரும்பத் தருவாராம். "இப்ப பேஷண்டுக்கு ரூம் கொடுக்காங்களா?" என்று கேட்டேன். பாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார். நான் இப்போது ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன். அங்கே டிபன் பாக்ஸைத் திறந்தால் கண்ணை மூடித்தான் ஜெபிக்கிறேன். கூட வேலை செய்கிற பெண்கள் கேட்டால் சொல்கிறேன்.

எங்கள் சபைக் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. உடைந்த பெஞ்சும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டியும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நோயாளிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் எழுந்து கேட்கிறேன். முதலில் என் பக்கம் ஒரு கையும் உயரவில்லை. என் வீட்டுக்காரருடைய கைகூட. பிறகு அவர் தூக்கினார். இப்போது ஆங்காங்கே சில கைகள் உயர்கின்றன. "ஆலோசனையில் இருக்கிறது," என்று கமிட்டி சொல்கிறது. ஆலோசிக்க அதில் என்ன இருக்கிறது? பெஞ்சைத் தூக்கி வெளியே போட வேண்டும், ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அதுவரை எங்கள் உள்ளறைதான். இப்போது தென்காசிப் பக்கத்து அம்மாவும் மகளும் இருக்கிறார்கள்.

போன வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மாவிடம் நலம் விசாரித்தார். கிளம்பும்போது படிக்கட்டில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"சிஸ்டர், உங்க கோபம் இன்னும் அடங்கலை. அதுக்காக ஜெபிச்சுக்கோங்க."

"நான் சபைக்குப் பின்னால இருக்கிற அந்த ரெண்டு ரூமுக்காகத்தான் ஜெபிக்கிறேன் பாஸ்டர்," என்றேன். "கோபம் இருக்கட்டும். அது இல்லன்னா அடுத்த கூட்டத்துல நான் எந்திரிக்க மாட்டேன்."